முடிந்தால் காப்பகத்துக்கு அனுப்பவும்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அவையெல்லாம் கை பழகுவதற்காகச் செய்தவை. அதன் மூளை முழுதாக மலர்ந்தது, ஒரு வேலையைச் செய்யாமலேயே 'வேலை பாக்கி இல்லை' என்று ஆக்கும் வித்தையைக் கண்டுபிடித்த அன்றுதான். அந்த மகத்தான நிகழ்ச்சி நடந்த இடம், ஒரு நகரத் திட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கழிவறைக்கு எதிரே உள்ள அறை. உலக அறிஞர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பொறாமையில் நகம் கடித்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

அந்த அலுவலகத்தில் பூங்கா, சாக்கடை, தெருவிளக்கு, பாலம் என்று நான்கு பிரிவுகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் வரைபடங்களைத் தன் பீரோவில் போட்டுப் பூட்டி வைத்திருந்தது. அதனால் பூங்காப் பிரிவு மரம் நட்ட இடத்தைச் சாக்கடைப் பிரிவு தோண்டும். சாக்கடைப் பிரிவு தோண்டிய குழியில் விளக்குப் பிரிவு கம்பம் நடும். இந்த அநாகரிகத்துக்கு முடிவு கட்டத்தான் பொதுத் தரவுத்தளம் வந்தது. எல்லாப் பிரிவுகளின் எல்லாத் திட்டங்களும் புகார்களும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில். ஒருவர் ஒரு கோடு இழுத்தால் அந்த நொடியே எல்லார் திரையிலும் அந்தக் கோடு விழும். ஆங்கிலச் சொல் காதில் பட்டாலே முகம் சுளிக்கும் இயக்குநர் அதற்கு 'உயிர்த்தளம்' என்று பெயர் சூட்டினார். 'தளத்தில் இருப்பதே இருப்பது' என்று எழுதி எல்லாச் சுவரிலும் மாட்டச் சொன்னார். அதற்குப் பிறகு, பூங்காப் பிரிவு மரம் நடும்போதே சாக்கடைப் பிரிவுக்குத் தெரிந்துவிடும். எங்கே தோண்டுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

பாலப் பிரிவு என்பது ஒரே ஒரு பெண். அலுவலகம் அவளைப் 'பாலக்கா' என்றே அழைத்தது. பாலக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அவள் குடியிருந்த தெருவுக்கும் பெரிய மருத்துவமனைக்கும் நடுவில் கழிவுநீர்க் கால்வாய் ஒன்று ஓடியது. 'ஓடியது' என்பது மரியாதைக்காகச் சொல்வது, அது படுத்திருந்தது. அதைத் தாண்ட ஒரு நடைபாலம் வேண்டும். அதுதான் ஆசை.

இருந்தது ஒரு தண்ணீர்க் குழாய். தடித்த, உருண்டையான, பாசி பிடித்த குழாய். சுற்றிப் போக நேரமில்லாத அந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன்மேல்தான் நடந்தது. பாலக்காவின் தங்கை அந்த மருத்துவமனையில் நர்ஸ். அக்கா வீட்டிலேயே தங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தினமும் குழாய் வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள். இப்போது வயிற்றில் ஒரு பிள்ளை வேறு.

"நான் மட்டும் போனப்போ பயமில்லக்கா. இப்போ ரெண்டு பேரா போறோம். உள்ள இருக்கறது திடீர்னு ஒரு உதை விட்டா பேலன்ஸ் போயிடுது."

பாலக்காவின் கணவர் நீச்சல் பயிற்சியாளர். மச்சினி குழாயில் நடக்கும்போது கரையில் நின்று, "நேராப் பாரு, கீழ பாக்காதே!" என்று கத்துவது அவர் பொறுப்பு.

"நான் விழுந்தா குதிச்சுத் தூக்கிடுவீங்கல்ல, மாமா?"

அவர் கால்வாயை ஒருமுறை பார்ப்பார். "தண்ணியா இருந்தா குதிப்பேன்மா."

ஆகவே பாலக்கா ராவும் பகலும் பாலத்தை வரைந்தாள். தூண் ஆயிற்று, உத்தரம் ஆயிற்று, படி ஆயிற்று. கைப்பிடி மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை அனுமதிக் குழு கூடுகிறது. அன்றைக்கு விட்டால் மழைக்காலம் கழிந்துதான் மறுபடி கூடும். மழைக்காலத்தில் அங்கே குழாய் எது, கால்வாய் எது என்று தெரியாது. தங்கைக்கு நாள் குறித்திருந்ததும் மழைக்காலத்தில்தான்.

இந்த நிலையில் உயிர்த்தளத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உலகம் தோன்றிய நாளிலிருந்து அந்த ஊரில் போட்ட எல்லாத் திட்டங்களும், முடிந்ததும் முடியாததுமாக, அதற்குள் குவிந்து கிடந்தன. ஒரு வரைபடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ குடித்து, கடைக்காரரின் குடும்பக் கதையைக் கேட்டு, அவருக்கு ஆறுதல் சொல்லி, மேலே வந்தால் திரை அப்போதுதான் 'சற்றுப் பொறுக்கவும்' என்று சொல்லத் தொடங்கியிருக்கும்.

இயக்குநர் களத்தில் இறங்கினார். காலையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் உள்ளே விடாமல், ஒரு சுற்றறிக்கையைச் செதுக்கினார். ஒரே வரி.

'எல்லாத் திட்டங்களையும் முடிந்தால் காப்பகத்துக்கு அனுப்பவும்.'

இந்த வரியின் அழகைக் கொஞ்சம் நின்று ரசித்துவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடிந்த திட்டங்களை அனுப்பு என்று எழுதியதாக இயக்குநர் நினைத்தார். அனுப்ப முடியுமென்றால் எல்லாவற்றையும் அனுப்பு என்று, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தரவுக் காவலர் படித்தார். 'முடிந்தால்' என்ற சொல் பெருந்தன்மையோடு இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தது. வேறு எந்த மொழியிலாவது ஒரே சொல்லால் ஓர் அலுவலகத்தையே காலி செய்ய முடியுமா? செய்து காட்டட்டும்.

தரவுக் காவலருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'பூட்டு'. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்று சொல்லி வாயைப் பூட்டிவிடுவார் என்பதால் வந்த பட்டம். மனசாட்சி உள்ள மனிதர். சுற்றறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் திட்டத்தை அனுப்ப முடிகிறதா என்று பார்த்தார். முடிந்தது. அடுத்ததைப் பார்த்தார். அதுவும் முடிந்தது. அப்புறம் 'அனைத்தும்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு அழுத்திப் பார்த்தார். அதுவும், என்ன ஆச்சரியம், முடிந்தது. எல்லாம் தளத்தை விட்டு, ஒரே மூட்டையாகக் கட்டி, பழையவற்றைப் போட்டுவைக்கும் காப்பகத்துக்குப் போய்விட்டது. இயக்குநருக்கு ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்: 'முடிந்தது.' இயக்குநர் அதைத் தனக்குத் தோன்றியபடி படித்துக்கொண்டு மகிழ்ந்தார்.

மறுநாள் கைப்பிடி வரைய உட்கார்ந்தாள் பாலக்கா. திரை கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. பூட்டு அறைக்கு ஓடினாள்.

"சார், என் பாலம் எங்க?"

"காப்பகத்துல இருக்கு மேடம். பத்திரமா இருக்கு."

"அது இன்னும் முடியலையே சார்!"

"ஏன் முடியாது? முடிஞ்சுதே. ஒரே அழுத்துதான்."

"ஐயோ, நான் அதைச் சொல்லலை. பாலம் முடியலை!"

"முடியலைன்னா திரை சிவப்புல கத்தியிருக்கும் மேடம். ஒண்ணுமே கத்தலையே."

பாலக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சரி, திருப்பி எடுத்துக் குடுங்க."

"பாக்கலாம்," என்றார் பூட்டு. பூட்டு விழுந்தது.

மற்ற பிரிவுகளிலும் இந்நேரம் அழுகுரல் எழுந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரியாது. அங்கே எழுந்தது ஆனந்தக் கூத்து. சாக்கடை அதிகாரி தாழ்வாரத்தில் குதித்துக்கொண்டே வந்தார்.

"புகார் ஒண்ணுகூட இல்லய்யா! அடைப்பு இல்ல, உடைப்பு இல்ல, நாத்தம் இல்ல! நம்ம ஊர் இவ்ளோ சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்ல!"

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகக் காற்று வீசியது. எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள்.

"அது தளத்துல இல்ல," என்று சொல்லி அவர் ஜன்னலைச் சாத்தினார்.

விளக்கு அதிகாரியின் திரையில் எரியாத விளக்கு என்று ஒன்றுமே இல்லை. பூங்கா அதிகாரி, காய்ந்துபோன பூங்காக்கள் அத்தனையும் ஒரே ராத்திரியில் காணாமல் போனதை எண்ணிக் கண் கலங்கினார். இயக்குநர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார்: 'நிலுவைப் பணிகள்: இல்லை.' இப்படி ஓர் அறிக்கையை அதுவரை பார்த்தே இராத தலைமை அலுவலகம், முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தது. பிறகு 'நாட்டின் மிகச் சிறந்த அலுவலகம்' என்ற விருதுக்குப் பரிந்துரைத்துவிட்டது. பார்வையிட நடுவர் குழு வருகிறது என்று தகவலும் வந்தது. இயக்குநர் உடனே அலுவலக முற்றத்தில் ஒரு வரவேற்பு வளைவு எழுப்ப உத்தரவிட்டார். காலியான தளத்தில் திட்ட எண்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடத் தொடங்கின. புது எண், புது வாழ்வு. வளைவும் ஓர் எண் வாங்கிக்கொண்டு, 'மிக அவசரம்' என்ற முத்திரையோடு உள்ளே போய் உட்கார்ந்தது.

அன்று மாலை வீட்டில் பாலக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாலத்தைக் காப்பகத்துக்கு அனுப்பிட்டாங்கடி."

"ஐயோ பாவம்," என்றாள் தங்கை, வீங்கின காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு. "ஏன், அதுக்குள்ள வயசாயிடுச்சா? வீட்ல வச்சுப் பாத்துக்க ஆள் இல்லையா?"

"விளையாடாதே."

"இல்லக்கா, ஞாயித்துக்கிழமை பழம் கிழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமேன்னு கேட்டேன். நம்மள அடையாளம் தெரியுமா அதுக்கு?"

கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, புரையேறி, இருமினார். பாலக்கா இருவரையும் முறைத்தாள். தங்கை எழுந்து வந்து அக்காவின் தோளில் கையை வைத்தாள். "சரிக்கா. நேத்து வழுக்கிச்சு. குழாயைக் கட்டிப்பிடிச்சு நின்னுட்டேன். சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லலை. சீக்கிரம் கேட்டு வாங்கு."

மறுநாள் பாலக்கா கேட்டாள். கேட்டதால் கூட்டம் போட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் எதையாவது உண்மையாகவே கேட்டுவிட்டால் செய்யப்படும் முதலுதவி அதுதான். வட்ட மேஜை, பிஸ்கட், முகத்தில் கவலை. எல்லா ஏற்பாடும் இருந்தது.

"என் பாலத்தை மட்டும் மீட்டுக் குடுங்க சார்," என்றாள் பாலக்கா.

பூங்கா அதிகாரி துள்ளி எழுந்தார். "மட்டும்னு எப்படி வரும்? மூட்டையைப் பிரிச்சா எல்லாம்தான் கொட்டும். நான் போன மாசம் வெட்டின மரமெல்லாம் அதுல இன்னும் உயிரோட இருக்கு. மீட்டா முளைச்சிடும்!"

"மரம் முளைச்சா நல்லதுதானே சார்?" என்றார் விளக்கு அதிகாரி.

"அந்த இடத்துலதான் நம்ம சாரோட கார் நிக்குது."

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"என் புகாரெல்லாம் திரும்பி வந்துச்சுன்னா," என்றார் சாக்கடை அதிகாரி, "நானும் காப்பகத்துக்குப் போயிடறேன். என்னையும் மூட்டையில கட்டிடுங்க."

பாலக்கா பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பாலத்தின் அச்சுப் பிரதி. தூணும் உத்தரமும் படியுமாக, பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது.

இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்னம்மா இது?"

"பாலம் சார்."

"தளத்துல இருக்கா?"

"இல்ல சார், அதனாலதான்..."

"தளத்துல இல்லாததை எல்லாம் மேஜை மேல வைக்காதீங்கம்மா. ஆவியைப் பாக்கற மாதிரி இருக்கு." தாள் சுருட்டப்பட்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. "காப்பகம்னா என்ன? காக்கிற இடம். நாம எதையும் இழக்கலை. காத்துக்கிட்டிருக்கோம்."

"எங்க தெருவுலயும் அதையேதான் சார் பண்றோம்," என்றாள் பாலக்கா. "காத்துக்கிட்டுதான் இருக்கோம்."

இயக்குநருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று. அலுவலகமும் பொதுமக்களும் ஒரே செயலில் ஈடுபட்டிருப்பதைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது. 'முடிந்தால்' என்ற சொல்லுக்குப் பொருள் காண ஒரு துணைக்குழுவும் அமைக்கப்பட்டது. குழு தன் வேலையை முடிந்தால் முடிக்கும் என்று அறிவித்துக் கூட்டம் கலைந்தது.

வியாழக்கிழமை. நாளைக்கு அனுமதிக் குழு. பாலக்கா மத்தியானம் பூட்டு அறைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு, "வாங்க சார், டீ குடிச்சிட்டு வரலாம். அந்தக் கரையில ஒரு கடை இருக்கு, பிரமாதமா இருக்கும்," என்றாள். டீ என்றால் பூட்டு திறந்துகொள்ளும். கிளம்பிவிட்டார். கால்வாய் வந்தது. பாலக்கா குழாயைக் காட்டினாள்.

"இதுவா வழி?"

"ஊரே போகுது சார். முடிஞ்சா போங்க."

அந்தச் சொல்லுக்குப் பூட்டு கட்டுப்பட்டவர். கை விரித்துக் காலை வைத்தார். ஒரு அடி. முடிந்தது. இன்னொரு அடி. அதுவும் முடிந்தது. நட்டநடுவில் போனதும், முடிவது திடீரென்று நின்றுபோயிற்று. கால் அசையவில்லை. எதிர்க்கரையிலிருந்து, வேலை முடிந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் வந்துகொண்டிருந்தாள் தங்கை. குழாய் ஒருவர் போகும் அகலம். இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"பின்னாடி போங்க சார்," என்றாள் தங்கை.

"எனக்கு ரிவர்ஸ் வராதும்மா."

"அப்போ திரும்புங்க."

"திரும்பினா விழுந்துருவேன்."

"திரும்பலைன்னா நாங்க ரெண்டு பேரும் உங்க மேல விழுவோம்."

"ரெண்டு பேரா? இன்னொருத்தர் எங்க?"

தங்கை வயிற்றைத் தட்டிக் காட்டினாள். பூட்டு கண்ணை மூடிக்கொண்டார். கரையில் கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கையை மடக்குங்க" என்றது ஒரு குரல், "மடக்கினா போச்சு" என்றது இன்னொன்று. "அந்தாளு யாரு, குழாயை அளக்க வந்தவரா?" என்று ஒரு கிழவர் ஆவலாக விசாரித்தார்.

"மேடம்!" என்று அலறினார் பூட்டு. "என்னை மீட்டெடுங்க!"

கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பாலக்கா நிதானமாகக் கேட்டாள். "மீட்டெடுக்கறதா? அது முடியுமா, முடியாதா சார்?"

"முடியும்! முடியும்!"

"ஒண்ணை மட்டும் தனியா எடுக்க முடியுமா?"

"முடியும் மேடம்! மூட்டையில கையை விட்டு எதை வேணா எடுக்கலாம்! இதுவரைக்கும் யாரும் கேக்கலை!"

தங்கைக்கு மனம் இளகியது. ஆயிரம் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிய அனுபவம் அவளுக்கு. "சார், மெதுவா உக்காருங்க. காலை ரெண்டு பக்கமும் போடுங்க. குதிரைன்னு நெனச்சுக்கோங்க. இப்போ பின்னாடி நகருங்க. நல்லா மூச்சு விடுங்க. தள்ளுங்க, தள்ளுங்க... அப்படித்தான்!"

பிரசவ வார்டில் சொல்லுகிற அதே குரலில் அவள் சொல்ல, பூட்டு குழாய்மேல் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து, கூட்டத்தின் கைதட்டலுக்கு நடுவில் கரையில் பிறந்தார்.

பாசி பூசிய கால்சட்டையோடு நேரே அலுவலகம் வந்து கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தார். காப்பக மூட்டையைத் திறந்தார். பாலத்தைக் கண்டுபிடித்தார். 'மீட்டெடு' என்பதை அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி எழுந்தது. அதில் இருந்த வாசகமும் இயக்குநரே மொழிபெயர்த்தது: 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒன்று உள்ளது. இணைக்கவா?'

"இணைக்கவான்னு கேக்குது மேடம்."

பாலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "பாலம் வேற எதுக்கு சார் இருக்கு? இணைக்கத்தான். இணைங்க!"

அழுத்தினார். பாலம் வந்துவிட்டது. தூண் இருக்கிறதா? இருக்கிறது. உத்தரம்? இருக்கிறது. படி? ஒன்று குறையாமல் இருக்கிறது. பாலக்கா அந்தத் திரையை ஒரு தடவு தடவிக் கொடுத்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் கைப்பிடியையும் வரைந்து முடித்தாள். தூணையும் படியையும் சரிபார்த்தவள், இடம் என்ற கட்டத்தைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை தொலைந்து கிடைத்தால், அது யார் வீட்டுச் சட்டையைப் போட்டிருக்கிறது என்றா முதலில் பார்ப்போம்?

வெள்ளிக்கிழமை அனுமதிக் குழு பாலத்தைத் திறந்தது. சட்டென்று திறந்தது. அந்த வேகத்திலேயே குழுவினர் மயங்கிவிட்டார்கள். "இப்படித் திறக்கற திட்டத்துக்கு அனுமதி குடுக்காம இருக்க முடியுமா?" என்றார் தலைவர். அதன்மேல் 'மிக அவசரம்' என்ற முத்திரை வேறு இருந்தது. தன் பாலத்தின் அவசரம் கடைசியில் இவர்களுக்கும் புரிந்துவிட்டதே என்று பாலக்கா நெகிழ்ந்துபோனாள். வீட்டுக்கு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள், வயிறு விட்ட அளவுக்கு.

"இனிமே செருப்பு போட்டுக்கிட்டே வேலைக்குப் போவேடி!"

திங்கட்கிழமை காலை ஜன்னலுக்கு வெளியே தடதடவென்று சத்தம். பாலக்கா எட்டிப் பார்த்தாள். அலுவலக முற்றத்தில், பூந்தொட்டிகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆட்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மேஸ்திரி.

"என்னங்க பண்றீங்க?"

"பாலம் கட்டுறோம்மா."

"இங்க எதுக்கு?"

"தளத்துல அப்படித்தான் இருக்காம். முதல்ல தளம்னதும் நான் மாடிக்குப் போய் சிமெண்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் அது கம்ப்யூட்டர்னு சொன்னாங்க."

"பாலத்துக்கு அடியில தண்ணி வேண்டாமா?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். தண்ணி வேற டிபார்ட்மெண்டாம்."

பாலக்கா ஓடிப்போய்த் திரையைத் திறந்தாள். தூண் அவளுடையது. படி அவளுடையது. கைப்பிடி அவளுடையது. இடம், 'அலுவலக முற்றம்'. அது வரவேற்பு வளைவுடையது. பழைய தளத்தில் பாலத்துக்கு இருந்த எண்ணும், புதுத் தளத்தில் வளைவுக்குக் கிடைத்த எண்ணும் ஒன்றாகப் போயிருந்தன. இயந்திரம் யோக்கியமாகக் கேட்டுவிட்டுத்தான் இரண்டையும் இணைத்திருந்தது. "இணைங்க!" என்ற அவள் குரல் அவள் காதிலேயே மறுபடி கேட்டது.

இயக்குநர் அறையில் அவர் ஜன்னலோரம் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"அருமைம்மா! வளைவுதான் கேட்டேன். ஏறி நடக்கக்கூடிய வளைவே கிடைச்சிருக்கு!"

"சார், அது கால்வாய்மேல வர வேண்டியது."

"எந்தக் கால்வாய்?"

"எங்க வீட்டுக்கிட்ட இருக்கே சார், அந்தக் கால்வாய்."

இயக்குநர் திரையில் தேடினார். அன்போடு, பொறுமையோடு, மேலும் கீழும் தேடினார். "அப்படி ஒண்ணு இல்லையேம்மா."

"காப்பகத்துல இருக்கு சார். அதையும்தான் அனுப்பிட்டோம்."

"பாத்தீங்களா? இல்லாத கால்வாய்மேல பாலம் கட்டினா தணிக்கையில என்னைத் தூக்கித் தொங்க விட்டுருவாங்க. முற்றம் இருக்கு பாருங்க, தளத்துலயும் இருக்கு, வெளியிலயும் இருக்கு. இருக்கற இடத்துலதானே கட்ட முடியும்?"

"அப்போ எங்க ஜனம் எப்படி சார் தாண்டும்?"

"புதுசா ஒரு திட்டம் போடுங்க," என்றார் இயக்குநர், அவள் தோளுக்கு மேலாக மேஸ்திரியைப் பார்த்துக் கையசைத்தபடி. "முதல்ல ஒரு கால்வாய்த் திட்டம் போட்டு அனுமதி வாங்குங்க. கால்வாய் வந்ததும் பாலத்தைப் பத்தி யோசிப்போம். மழைக்காலம் கழிஞ்சு குழு கூடும்போது எடுத்துட்டு வாங்க."

பாலம் ஜோராக எழுந்தது. இந்த அலுவலகத்தின் வரலாற்றில் சொன்ன நாளுக்கு முன்னால் கட்டி முடிந்த முதல் பாலம் அது. தண்ணீர் இல்லாததால் வேலை சுலபமாயிற்று என்று மேஸ்திரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவர் குழு வந்த அன்று மழையும் வந்தது. குடைகளின்கீழ் நடுவர்கள் ஒரு பக்கம் ஏறி, உச்சியில் நின்று, முற்றத்தின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்து வியந்தார்கள். அதிகாரிகள் புது உடுப்பில் நின்றார்கள். கைதட்டுவதற்காகப் பொதுமக்களும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாலக்காவின் தங்கையும் நின்றாள். அக்காவின் கணவர் அவளுக்குக் குடை பிடித்திருந்தார். முழங்கால்வரை சேறு. நிறைமாதம். அக்கா கட்டிய பாலத்தைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருந்தாள். ஒரு கையில் செருப்பு.

நடுவர் தலைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த சிறிய திரையைப் பார்த்தார். "எல்லாமே அருமை. நிலுவை இல்லை, புகார் இல்லை. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு. 'கடக்கப்படுவது'ன்னு போட்டிருக்கு. இந்தப் பாலம் எதைக் கடக்குது?"

இயக்குநர் கைப்பிடிக்கு வெளியே குனிந்து பார்த்தார். கீழே நான்கு பூந்தொட்டிகள் இருந்தன. பூங்கா அதிகாரி, தொட்டி தன்னுடையதல்ல என்று தலையை ஆட்டினார். சாக்கடை அதிகாரி வானத்தைப் பார்த்தார். விளக்கு அதிகாரி யாருக்கோ பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பாலப் பிரிவு!" என்றார் இயக்குநர். "நிரப்புங்கம்மா, சீக்கிரம்."

திரை பாலக்காவின் கைக்கு வந்தது. அவள் விரலைத் தூக்கினாள். என்ன எழுதுவது? கால்வாய் என்று எழுதினால் தளம் ஏற்காது. அப்படி ஒன்று இல்லை. அவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். சேறும் செருப்புமாக நின்ற தங்கை, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை உயர்த்தினாள்.

"நான் சொல்லட்டுங்களா?"

"சொல்லும்மா," என்றார் நடுவர் தலைவி, பொதுமக்களின் ஆர்வத்தில் மகிழ்ந்து.

"எங்களைத்தாங்க கடந்து போகுது."

இயக்குநருக்குப் போன உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம்! பொதுமக்களே முன்வந்து தகவல் தர்றாங்க! எழுதுங்கம்மா, அப்படியே எழுதுங்க."

பாலக்கா அப்படியே எழுதினாள். 'கடக்கப்படுவது: பொதுமக்கள்.' சேமித்தாள். அந்த நொடியே எல்லாப் பிரிவுகளின் எல்லாத் திரைகளிலும் அந்த வரி விழுந்தது. இயக்குநர் ஒப்புதல் கொடுத்தார், நடுவர்கள் கையெழுத்திட்டார்கள், மழையில் கைதட்டல் ஓங்கி ஒலித்தது. விருது அந்த அலுவலகத்துக்கே கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து அந்தத் தளத்தில் எதை எதையோ திருத்தினார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அங்கே பதிவாகியிருப்பவற்றில் உண்மை அது ஒன்றுதான்.